கடைசியாகச் சாப்பிடும் அம்மா
(தாய்மார் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



போன மாதம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஒரு தங்கச்சி மயங்கி விழுந்தார். கண் திறந்ததும் கேட்டது, "ஐயா, அரைப்பேர் போட்டுடுவாங்களா?"

சோதித்தால், இரத்தக் குறைவு. விடிய எழும்பி எல்லோருக்கும் ரொட்டி சுட்டு, தான் அரை ரொட்டியும் சாயத்தண்ணியுமாக மலையேறினால் இரத்தம் எப்படி ஊறும்? சாப்பாட்டோடு குடிக்கும் தேத்தண்ணி, இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். கீரை, பருப்புக்குத் தேசிக்காய் பிழியுங்கள். இரும்புச்சத்து சேர அது உதவும். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைப் பெட்டியில் பூட்டாமல், தண்ணீரோடு விழுங்குங்கள்.

ஆண்களுக்கும் ஒன்று. உங்கள் வேலை பின்னேரத்தோடு முடிகிறது. அவங்க வேலை முடிவதில்லை. இன்று இரவு அம்மாவுக்கு முதலில் சோறு போடுங்கள்.