"முடியலடி" என்று சொல்ல ஓர் ஆள்



இப்போது மணி இரவு ஒன்பதே முக்கால். இந்த நேரத்தில் ஒரகடம் கூட்டுரோட்டில் நின்றால் கம்பெனி பஸ்கள் வரிசைகட்டிப் போவதைப் பார்க்கலாம். சன்னலோரம் சாய்ந்த தலைகள் எல்லாம் சி ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் அதே பஸ்கள் பி ஷிஃப்ட் முடித்தவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பும். போகிற தலையும் சாய்ந்திருக்கும், வருகிற தலையும் சாய்ந்திருக்கும். எது தூக்கம், எது அசதி என்று பிரித்துச் சொல்ல எனக்கு இத்தனை வருடத்தில் கைவரவில்லை.

என் வீட்டு மாடியில் நான்கு பெண்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். இரண்டு பேர் திருவண்ணாமலைப் பக்கம், ஒருத்தி கள்ளக்குறிச்சி, ஒருத்தி ஒடிசா. யாரும் இருபத்துமூன்று வயதைத் தாண்டவில்லை. மூன்று பேர் என்னை "ஆன்ட்டி" என்பார்கள். ஒடிசாப் பெண் மட்டும், யார் சொல்லிக்கொடுத்தார்களோ, "அக்கா" என்பாள். அவள்மேல் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பிரியம் உண்டென்றால் அதற்கு வேறு காரணம் இல்லை.

மாடிப்படியில் உட்கார்ந்துதான் வீட்டுக்குப் போன் பேசுவார்கள். அங்கேதான் சிக்னல் கிடைக்கிறது. நான் ஒட்டுக்கேட்பதில்லை; ஆனால் காதை எங்கே கொண்டுபோய் வைப்பது? "சாப்பிட்டேம்மா... நல்லாத்தான் இருக்கேன்... கஷ்டமெல்லாம் ஒண்ணுமில்லம்மா, உள்ள ஏசி." போனை வைத்துவிட்டு மேலே போய், செருப்பைக் கழற்றி, தரையில் படுத்து, இரண்டு காலையும் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு கூட இருப்பவளிடம் சொல்வாள்: "முடியலடி."

நம்பிக்கையோடு இருப்பது பற்றிப் பேசுங்கள் என்று வானொலி நிலையத்தில் கேட்டபோது எனக்கு இந்த மாடிப்படிதான் ஞாபகத்துக்கு வந்தது. அம்மாவிடம் சொன்னதும் பொய்யில்லை, தோழியிடம் சொன்னதும் பொய்யில்லை. எட்டு மணி நேரம் லைனில் நின்று, டார்கெட் முடித்துவிட்டு வந்தவளுக்கு இரண்டு வாக்கியமும் வேண்டியிருக்கிறது. ஒன்று சம்பளம் அனுப்புகிற மகளின் கௌரவம். மற்றது, நாளைக்கு மறுபடி எழுந்து போவதற்கான வழி.

சின்ன வயதில் எனக்கு ராத்திரியானால் கால் குடையும். முழங்காலுக்குக் கீழே, எலும்புக்குள் யாரோ உட்கார்ந்து கடைவது மாதிரி. "வளர்ற புள்ளைக்கு வலிக்கத்தான் செய்யும்" என்பாள் பாட்டி. காலையில் எழுந்தால் வலி இருந்த சுவடே இருக்காது. பிள்ளைகளுக்கு வரும் இந்த வலியை வளர்ச்சி வலி என்றுதான் மருத்துவமும் சொல்கிறது. வேடிக்கை என்னவென்றால், வளர்ச்சியால்தான் அது வருகிறது என்று இதுவரை யாரும் நிரூபித்ததில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

எங்கள் வட்டாரத்துக்கும் அதே வசனத்தைச் சொல்கிறார்கள். ஏரிக்கரை ஓரம் லாரி நிற்கிறதா, வாடகை ஏறிவிட்டதா, குடிதண்ணீருக்கு அலைகிறோமா? வளர்ச்சி என்றால் வலி இருக்கத்தானே செய்யும் என்கிறார்கள். இதைச் சொல்பவரின் கால் வலிப்பதை நான் பார்த்ததில்லை. என் பாட்டியும் அதே வசனத்தைச் சொன்னவள்தான். ஆனால் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்ளவில்லை. தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைப் போட்டுச் சூடுகாட்டி, நான் தூங்கும்வரை காலைப் பிடித்துவிட்டாள்.

மாடிப் பெண்களுக்கு வருவோம். ஒரு வாரம் ஏ, ஒரு வாரம் பி, ஒரு வாரம் சி. மனசே சரியில்லை ஆன்ட்டி, எதுக்குன்னே தெரியாம அழுகை வருது என்று ஒருத்தி சொன்னாள். எந்த வாரம் என்று கேட்டேன். சி ஷிஃப்ட் வாரம். நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. அது உயிரணுவுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் என்ற மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். வெளிச்சம் பட்டால் எழு, இருட்டினால் தூங்கு என்பதுதான் அந்தக் கடிகாரத்துக்குத் தெரிந்த பாஷை. ராத்திரி விழித்துப் பகலில் தூங்க அது பழகுவதற்கே பல நாள் ஆகும். பழகுகிற நேரத்தில் ஷிஃப்ட் மாறிவிடும். ஆகவே மனசு சரியில்லை என்று நாம் சொல்வதில் ஒரு பங்கு, தூக்கம் சரியில்லை என்பதுதான். தன்னைக் குறைசொல்லிக்கொள்வதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது.

மாடிப் பெண்கள் கண்டுபிடித்த வைத்தியம் எளிது. சன்னலுக்குக் கறுப்புத் துப்பட்டாவை இரண்டாக மடித்துக் குத்திவிடுகிறார்கள். பின்னிரவில் டீ குடிப்பதில்லை, ஏனென்றால் குடித்த டீயின் வேகம் பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரமாகிறது. என் பங்குக்குக் கேட்டில் ஒரு சிலேட்டை மாட்டியிருக்கிறேன்: "சி ஷிஃப்ட். பெல் அடிக்காதீர்கள்." கேஸ்காரரும் பால்காரரும் மதிக்கிறார்கள். கூரியர் பையன்தான் சிலேட்டைப் படித்துவிட்டுப் பெல் அடித்து, "சி ஷிஃப்ட்டா?" என்று கேட்கிறான்.

எங்கள் வட்டாரம் வளர்ந்த வேகத்தைச் சொல்ல வேண்டும். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது 1998-ல். 2006 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா செல்போன் செய்ய ஆரம்பித்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ நிஸான், 2012-ல் டைம்லர், அடுத்த வருடம் ராயல் என்ஃபீல்டு. வேர்க்கடலை போட்ட நிலத்தில் கார் முளைக்கிறது என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்வார். அதைப் பாராட்டாகச் சொல்கிறாரா, வருத்தமாகச் சொல்கிறாரா என்று கடைசிவரை தெரியாது.

இதில் நோக்கியா கதை எங்களுக்கு வீட்டுக் கதை மாதிரி. நன்றாக ஓடிய காலத்தில் நேரடியாக மட்டும் எட்டாயிரம் பேருக்கு வேலை. பாதிக்குமேல் பெண்கள், பெரும்பாலும் பிளஸ் டூ முடித்த கையோடு வந்தவர்கள். 2014 ஏப்ரலில் நோக்கியாவின் போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வரி வழக்கில் சிக்கியிருந்த இந்த ஆலை அதில் சேரவில்லை. விருப்ப ஓய்வு என்றார்கள். இருபத்தைந்து வயதில் விருப்ப ஓய்வு! அந்த வருடம் நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றது.

அங்கே ஏழு வருடம் வேலை பார்த்த பெண் ஒருத்தி எனக்குப் பழக்கம். இப்போது தையல் கடை வைத்திருக்கிறாள். வேலை போனபோது என்ன செய்தாய் என்று கேட்டேன். ஏதாவது வீரக்கதை வரும் என்று எதிர்பார்த்தேன். "முதல் மாசம் ஒண்ணும் செய்யலக்கா. காலையில நாலரைக்கு முழிப்பு வந்துடும். பஸ்ஸுக்குப் போகணுமேன்னு எழுந்து உட்காருவேன். அப்புறம் ஞாபகம் வரும்."

அவளைத் தூக்கி நிறுத்தியது ஒரு சீட்டு. பஸ்ஸில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து வந்த பத்துப் பெண்கள், மாசம் ஆளுக்கு ஆயிரம் என்று சீட்டுப் போட்டிருந்தார்கள். பஸ் சீட்டில் ஆரம்பித்த சீட்டு. ஆலை மூடியது; ஆனால் எடுத்தவர் பாக்கி, எடுக்காதவர் பாக்கி இருந்ததால் சீட்டை மூட முடியவில்லை. அதனால் மாசம் ஒரு ஞாயிறு யாராவது ஒருத்தி வீட்டில் கூடியாக வேண்டியிருந்தது. கூடினால் பணத்தைப் பற்றி ஐந்து நிமிடம், மீதி நேரம் அழுகையும் சிரிப்பும். எங்கே ஆள் எடுக்கிறார்கள், எந்தக் கான்ட்ராக்டர் சம்பளத்தைப் பிடித்துவைத்துக் கொள்வான், யாருடைய மாமியார் குத்திக்காட்டுகிறாள் என்று எல்லாம் அங்கேதான் பேசினார்கள். தையல் மெஷினும் அந்தச் சீட்டுப் பணத்தில் வாங்கியதுதான். சீட்டு இன்னும் ஓடுகிறது. அந்தப் பழைய ஆலையை சார்ஜர் செய்யும் சால்காம்ப் கம்பெனி எடுத்து, 2020-ல் மறுபடி விளக்கு எரிந்தபோது, "நம்ம பில்டிங்டி" என்று பத்துப் பேரும் ஒருவருக்கொருவர் போன் போட்டிருக்கிறார்கள். உள்ளே போக ஒருத்திக்கும் டேக் கிடையாது.

சிலருக்கு ஒரு சந்தேகம் வரலாம். புலம்பிக்கொண்டே இருந்தால் மனசு இன்னும் கெட்டுப்போகாதா, நல்லதை மட்டும் நினைக்கக் கூடாதா? நான் வேறு மாதிரி பார்க்கிறேன். 2021 டிசம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். சுங்குவார்சத்திரத்தில் உள்ள ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் சாப்பாடு கெட்டு, 150-க்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். செத்துப்போய்விட்டார்கள் என்று வதந்தி வேறு. 17-ஆம் தேதி ராத்திரி அந்தப் பெண்கள் சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். மார்கழிப் பனி. அடுத்த நாளும் எழுந்திருக்கவில்லை. ஆலை மூடி, விடுதிகளைச் சரிசெய்ய வேண்டியதாகி, ஜனவரி 12-ஆம் தேதிதான் திறந்தது. நம்பிக்கை போனவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருப்பாள். கேட்டால் மாறும் என்று நினைக்கிறவள்தான் ரோட்டில் உட்காருவாள். அத்தனை நாள் அறைக்குள் "முடியலடி" என்று சொன்னதை அன்றைக்குச் சேர்ந்து சொன்னார்கள், அவ்வளவுதான். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகளோடு சிப்காட் கட்டிய விடுதி திறந்தது. இத்தனை பேருக்குக் கட்டில் வேண்டும் என்று ஊருக்கு உறைக்க இவ்வளவு காலம் ஆயிற்று.

ஸ்ரீபெரும்புதூர் என்றால் ராமானுஜர் ஞாபகம் வராமல் இருக்காது. 1017-ல் அங்கே பிறந்தவர். குருபரம்பரைக் கதைகளில் ஓர் இடம் எனக்குப் பிடிக்கும். மந்திரத்தின் பொருளைக் கேட்டு ஸ்ரீரங்கத்திலிருந்து திருக்கோஷ்டியூருக்கு நடந்தே போகிறார். அங்கே இருந்த குரு, திருக்கோஷ்டியூர் நம்பிகள், திருப்பி அனுப்புகிறார். இப்படியே பதினேழு முறை. பதினெட்டாவது முறை, தண்டும் பவித்திரமுமாக வரச்சொல்லி அழைப்பு வருகிறது. தனியாக வா என்று அர்த்தம். ராமானுஜர் முதலியாண்டானையும் கூரத்தாழ்வானையும் கூடவே கூட்டிக்கொண்டு போய் நிற்கிறார். ஒருவர் அவருடைய சகோதரி மகன், மற்றவர் காஞ்சிபுரம் பக்கத்துக் கூரத்துக்காரர். ஏன் தனியாக வரவில்லை என்று கேட்டால், இவர்தான் என் தண்டு, இவர்தான் என் பவித்திரம் என்கிறார். அவர் கோபுரம் ஏறி மந்திரத்தை ஊருக்கே சொன்ன கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதற்கு முந்தின இந்தக் காட்சிதான். பதினேழாவது முறை வெறுங்கையோடு திரும்பி வந்த ராத்திரி, அந்த இரண்டு பேரிடமும் என்ன சொல்லியிருப்பார்? அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் சிலருக்கு அப்படி ஒருவரும் இல்லாமல் இருக்கலாம். புது ஊர், புரியாத பாஷை, ஒத்துவராத அறைத்தோழி. தாங்க முடியாத ராத்திரி என்றால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்று பெயர்; 2022 அக்டோபரிலிருந்து நாடு முழுக்க இருக்கிறது. காசு கிடையாது, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். சி ஷிஃப்ட் முடிந்து விடியற்காலையில் வந்தாலும் பேசலாம்.

போன வாரம் கள்ளக்குறிச்சிப் பெண்ணுக்குக் கால் வீங்கிவிட்டது. மேலேயிருந்து ஒரு காரமான வாடை இறங்கி வந்தது. என்ன தீய்கிறதோ என்று பதறிப்போய் மாடியேறினேன். ஒடிசாப் பெண் கடுகெண்ணெயில் பூண்டைத் தட்டிப்போட்டுக் காய்ச்சி, அவள் காலை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் அரைகுறை, இவளுக்கு ஒடியா ஒரு வார்த்தை தெரியாது. "நாத்தம் தாங்கலடி" என்றாள் இவள். "நாத்தம் நல்லது, நாத்தம் நல்லது" என்றாள் அவள். அதே நேரத்தில் போன் அடித்தது. கள்ளக்குறிச்சிதான். எண்ணெய்க் காலை மடியிலிருந்து எடுக்காமலேயே போனைக் காதில் வைத்துச் சொன்னாள்: "சாப்பிட்டேம்மா. நல்லாத்தான் இருக்கேன்."