கன்னத்தில் ஒரு கட்டைவிரல்

விபத்தில் ஒரு கையை இழந்த இளைஞர் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பஞ்சுக் குச்சியால் கன்னத்தைத் தொட்டால், கன்னத்தில் மட்டுமல்ல, கட்டைவிரலிலும் தொடுவது தெரிகிறதே என்கிறார். கையே இல்லை, கட்டைவிரல் ஏது?

தொட்டுப் பார்த்தவர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன். அமெரிக்காவில் செய்த இந்தச் சோதனையை 1992-இல் வெளியிட்டார்.

நம் மூளையில் உடம்புக்கென்று ஒரு வரைபடம் உண்டு. அதில் கைக்குரிய இடத்தை ஒட்டியே முகத்துக்குரிய இடம் இருக்கிறது. ராமச்சந்திரனின் விளக்கப்படி, கையிலிருந்து சேதி வருவது நின்றதும், முகப்பகுதி அங்கே புகுந்துவிட்டது, தரிசாய்க் கிடக்கும் நிலத்தைப் பக்கத்து வயல்காரர் உழுதுகொள்வதைப் போல. அதுவும் நான்கே வாரங்களில்! வளர்ந்தவர்களின் மூளை இறுகிப்போனது, இனி மாறாது என்று பலரும் நம்பிய காலம் அது. எனக்கு இன்றும் இது பெரிய வியப்பு, பெரிய ஆறுதலும்கூட.

பக்கவாதத்தில் கை விழுந்த பெரியவரை, அந்தக் கையாலேயே டம்ளரைத் தூக்குங்கள் என்று இயன்முறை மருத்துவர் விடாமல் வற்புறுத்துவது, வளர்ந்தவர்களின் மூளையும் மாறக்கூடும் என்பதால்தான். முயன்று தூக்கத் தூக்க, பழுதாகாத பகுதிகள் அந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்கின்றன.