நாற்பது விநாடி

(நம் குடியிருப்போர் சங்கத்தின் பொங்கல் சந்திப்பில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



பி பிளாக் வேப்பமரத்தடியில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் ஃபியட் காரைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். "அங்கிள், அது ஓடுமா?" என்று கேட்காத பிள்ளை நம் வளாகத்தில் இல்லை. "எப்ப சார் அதை எடுப்பீங்க?" என்று கேட்காத பெரியவரும் இல்லை. இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன். முப்பத்தைந்து வருடம் வங்கி கவுண்டரில் உட்கார்ந்து மற்றவர்கள் பேசுவதைக் கேட்டவன், இப்போது என் முறை.

அது 1965-ஆம் வருட ஃபியட் 1100. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சின்ன லேத் பட்டறை வைத்திருந்த ஒருவருடையது. என் கிளையில் அவருக்குக் கரண்ட் அக்கவுண்ட். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். எங்களைச் சேர்த்து வைத்தது சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் அது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தும். பூந்தமல்லி தாண்டி இருங்காட்டுக்கோட்டையில் இப்போது இருக்கும் டிராக் எல்லாம் பிறகு வந்தது. அம்பத்தூரிலிருந்து சோழவரம் பக்கம்தானே, இருவரும் அவருடைய ஸ்கூட்டரில் போவோம்.

ரேஸ் வேறு, ராலி வேறு. ரேஸில் எல்லோரும் ஒரே டிராக்கில் ஒன்றாக ஓடுவார்கள். ராலியில் ஒவ்வொரு வண்டியும் ஒரு நிமிட இடைவெளியில் தனித்தனியாகக் கிளம்பும், போட்டி கடிகாரத்தோடுதான். காட்டுக்குள் ராலி ஓட்டுவது பெரிதாகப் பிடித்துக்கொண்டது இங்கிலாந்தின் ஆர்.ஏ.சி. ராலியில். 1960-இல் ஸ்காட்லாந்தில் மான்யுமென்ட் ஹில் என்ற இடத்தில் இரண்டு மைல் காட்டுச் சாலையைச் சோதனைக் கட்டமாக வைத்தார்கள். ஸ்வீடன்காரர் எரிக் கார்ல்சன் தன் சின்ன சாப் காரில் அந்த வருடம் ஜெயித்தார். அடுத்த இரண்டு வருடமும் அவரே. இன்றைக்கும் அங்கே நவம்பர் குளிரில், பழைய கார்களுக்கென்றே ரோஜர் ஆல்பர்ட் கிளார்க் ராலி என்று ஒன்று நடக்கிறது. 1972-லும் 1976-லும் எஸ்கார்ட் காரில் ஆர்.ஏ.சி. ராலியை ஜெயித்தவரின் பெயர் அது. நம் நாட்டில் 1980-இல் ஹிமாலயன் ராலி தொடங்கியபோது முதல் வருடம் ஜெயித்தவர் கென்யாவின் சேகர் மேத்தா. அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு அண்ணன் பட்டறையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

எங்களால் இமயமலைக்குப் போக முடியாது. லீவும் இல்லை, பணமும் இல்லை. ஆனால் 1987 ஜனவரியில் ஒரு மோட்டார் கிளப் நீலகிரியில் ராலி நடத்தியது. இருபது வருடம் கடந்த வண்டிகளுக்குத் தனிப் பிரிவு. அண்ணன் ஓட்டுநர், நான் நேவிகேட்டர். வேகப் போட்டி இல்லை, நேரப் போட்டி. 'இந்தப் பகுதியில் சராசரி மணிக்கு 36 கிலோமீட்டர்' என்று சொல்லிவிடுவார்கள். டைம் கன்ட்ரோல் எங்கே என்று சொல்ல மாட்டார்கள். ஏதாவது வளைவுக்குப் பின்னால் நாற்காலி போட்டுக் கடிகாரத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். தாமதத்துக்கு விநாடிக்கு ஒரு புள்ளி அபராதம், முந்தி வந்தால் இரண்டு. பி.காம். படித்தவனுக்கு இதைவிட நல்ல விளையாட்டு உண்டா? 36 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு கிலோமீட்டருக்குச் சரியாக 100 விநாடி. மீட்டரில் 5.3 காட்டினால் கடிகாரத்தில் 530 விநாடி இருக்க வேண்டும். இருந்தால் கணக்கு டேலி.

முதல் நாள் பிழையில்லாமல் போயிற்று. மறுநாள் விடியற்காலை ஊட்டியில் கிளம்பும் நேரம். சினிமாவில் வருகிற மாதிரி அங்கே பனி கொட்டாது, உறைபனி. மேகமில்லாத இரவில் தரை சூட்டையெல்லாம் இழந்துவிடும். பள்ளத்தில் இருக்கும் புல்வெளி காலையில் உப்புக் கொட்டியதுபோல் வெளுத்திருக்கும். வண்டியின் கண்ணாடி முழுக்க ஒரு படலம். பக்கத்து வண்டிக்காரர் வெந்நீர் ஊற்றப் போனார். கண்ணாடி விரிந்துவிடும் என்று அண்ணன் ஓடிப்போய்த் தடுத்தார். எங்கள் கண்ணாடியைச் சுரண்டித் துடைத்துவிட்டு, பீடியைப் பிரித்து அந்தத் தூளைத் துணியில் வைத்துத் தேய்த்தார். பேட்டரி செத்துக் கிடந்தது. சோக்கை முழுக்க இழுத்துவிட்டு, நான் முன்னால் நின்று கைப்பிடி போட்டுச் சுற்றினேன். ஐந்தாவது சுற்றில் உயிர் வந்தது.

எமரால்டு வழியாக அவலாஞ்சிப் பக்கம் போகும் காட்டுச் சாலை. பெயரைக் கேட்டுப் பனிச்சரிவு என்று நினைக்காதீர்கள். அங்கே முன்பு நடந்த பெரிய மண்சரிவால் வந்த பெயர். சோலைக்காட்டு நிழலில் சேறு, சேற்றின்மேல் உறைபனி. ஏற்றத்தில் பின்சக்கரம் அடிக்கடி சும்மா சுற்றியது. நான் மீட்டரைப் பார்த்துப் பார்த்து, "சரி, சரி, இதே வேகம்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஒரு பாலம் வந்தது. ரோடு புக்கில் 14.2 கிலோமீட்டர். என் மீட்டரில் 14.6.

வவுச்சர் ஒன்று காணாமல் போனால் வயிற்றில் ஒன்று பிசையும், வங்கியில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். காரணம் உடனே புரிந்தது. ஃபியட்டில் இன்ஜின் இழுப்பது பின்சக்கரத்தை. மீட்டரும் கியர்பாக்ஸிலிருந்துதான் ஓடுகிறது. சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றினாலும் மீட்டர் தூரம் எழுதிவிடும். போகாத 400 மீட்டரை நான் வரவு வைத்திருக்கிறேன். அதாவது நாற்பது விநாடி தாமதம்.

அதைச் சொன்னால் அண்ணன் மிதிப்பார். நல்ல ஓட்டுநர், ஆனால் கடன் வைக்கத் தெரியாதவர். எதிரே இறக்கம், நிழல், அடுத்தடுத்து மூன்று வளைவு. வீட்டில் எனக்கு எட்டு மாதக் குழந்தை.

"எப்படி இருக்கு தம்பி?" என்றார்.

"சரியா இருக்குண்ணே. இதே வேகம்."

இரண்டாவது வளைவில் எங்களுக்கு முன்னால் கிளம்பிய வண்டி தேயிலைச் செடிகளுக்குள் சாய்ந்து கிடந்தது. இருவரும் வெளியே நின்று, அடி இல்லை, போங்கள் என்று கை காட்டினார்கள். அண்ணன் பிரேக்கைத் தொடாமல், இரண்டாவது கியரில் மெல்ல இறக்கினார். மூன்றாவது வளைவு தாண்டியதும் கன்ட்ரோல். நாற்பது புள்ளி.

மாலையில் முடிவு ஒட்டினார்கள். நான்காம் இடம். மூன்றாம் இடத்துக்கு இருபத்திரண்டு புள்ளிதான் குறைவு. மூன்றாம் இடம் வரைக்கும் கோப்பை. அண்ணன் தாளில் விரலை வைத்து ஒவ்வொரு கன்ட்ரோலாகப் பார்த்தார். "நீ கணக்குல தப்பு பண்ற ஆளில்லையே" என்றார். சேலம் தாண்டித்தான் உண்மையைச் சொன்னேன். அதன் பிறகு பூந்தமல்லி வரைக்கும் அவர் பேசவில்லை. பேருந்து நிலையத்தருகே என்னை இறக்கிவிட்டுச் சொன்னார்: "பயமா இருக்குன்னு சொல்லியிருந்தா மெதுவாவே போயிருப்பேன். நீ நம்பரை மாத்திட்ட."

வண்டி செடிக்குள் கிடந்ததை நான் நினைவுபடுத்தினேன். "அது வேற" என்றார்.

ஒரு வருடம் பட்டறைப் பையன்தான் வங்கிக்கு வந்தான். பிறகு ஒருநாள் அவரே வந்து கவுண்டரில் நின்று, அடுத்த ராலிக்கு வருகிறாயா என்று கேட்டார். ஒரே நிபந்தனை: நான் நம்பரைச் சொல்ல வேண்டும், வேகத்தை அவர் முடிவு செய்வார். மேலும் இரண்டு ராலி ஓடினோம். கோப்பை வரவில்லை. அன்று நான் செய்தது சரிதானா என்று என் மனைவியைக் கேட்டால் சரி என்பாள். அண்ணனைக் கடைசிவரை ஒப்புக்கொள்ள வைக்க முடியவில்லை. எனக்கே பாதி ராத்திரியில் ஒரு பதில், காலையில் ஒரு பதில்.

மூன்று வருடம் முன்பு அவர் போய்விட்டார். வண்டியை எனக்குக் கொடுக்கச் சொல்லியிருந்ததாக அவர் மகள் சாவியோடு வந்தாள்.

இனி செயலாளர் கேட்ட விஷயம். 2021-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. ஐம்பது வருடம் கடந்த, பெரிய மாற்றம் செய்யாத வண்டியை விண்டேஜ் வண்டியாகப் பதியலாம், எண்ணில் 'வி.ஏ.' என்று வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க எடுக்கலாம். விண்ணப்பத்துக்குக் காகிதங்கள் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். நகல் ஒன்றைச் சங்க அலுவலகத்தில் கொடுக்கிறேன். சித்திரை வரைக்கும் அந்த இடத்தை விட்டுவையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்குள் முடியாவிட்டால் திருநின்றவூரில் மைத்துனர் வீட்டுக் கொட்டகை இருக்கிறது, வண்டியை அங்கே கொண்டுபோய் விடுகிறேன்.

பிள்ளைகளுக்கு: ஓடும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு ஸ்டார்ட் செய்வேன். கைப்பிடி சுற்ற எனக்கு இப்போது தோள் ஒத்துழைக்கவில்லை. வருகிறவர்கள் கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து வைத்துப் பிடிக்க வேண்டும், திருப்பி அடிக்கும். எப்படி என்று காட்டித் தருகிறேன்.