வெயிலைச் சேமித்து விளக்கேற்றுவோம்

தோட்ட லயங்களில் ஜெனரேட்டர் ஓடும் நேரம் மட்டுமே விளக்கெரிந்த காலம் ஒன்று உண்டு. நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இன்று நிலைமை பெரிதும் மாறிவிட்டது. ஆனாலும், 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கை வெள்ளம் சூழ்ந்தபோது என்ன நடந்தது? ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மாடியிலும் கூரையிலும் இருட்டில் காத்திருந்தார்கள். கைப்பேசியில் மின்சாரம் தீர்ந்துவிட்டால் படகை அழைக்கவும் வழியில்லை. அப்படிப்பட்ட இரவுக்கு உதவும் சிறிய சூரிய விளக்கு அமைப்பை நம் கையாலேயே செய்ய முடியும். அது எப்படி என்பதை இன்று பார்ப்போம்.

இதற்கு வேண்டியவை நான்கு: சோலார் தகடு, பேட்டரி, இரண்டுக்கும் நடுவே நின்று மின்சாரத்தை ஒழுங்குபடுத்தும் கட்டுப்பாட்டுப் பெட்டி, 12 வோல்ட் விளக்குகள். கடைக்குப் போகுமுன் கணக்குப் போட வேண்டும். 5 வாட் விளக்கு மூன்று, நான்கு மணி நேரம் எரிந்தால் 60 வாட்-மணி. 15 வாட் சிறு காற்றாடி நான்கு மணி நேரம் சுழன்றால் இன்னும் 60. ஆக மொத்தம் 120. நம் நாட்டில் சராசரியாக நாளுக்கு நான்கு மணி நேர முழு வெயில் என்று கொண்டால், 50 வாட் தகடு 200 தரும். வழியில் மூன்றில் ஒரு பங்கு வீணானாலும் நமக்குப் போதும். பேட்டரி 12 வோல்ட், 40 ஆம்பியர்-மணி இருந்தால், அதில் பாதியை மட்டும் செலவிட்டு இரண்டு இரவுகளைக் கடத்தலாம். பழைய லாரி பேட்டரி வேண்டாம். அது இயந்திரத்தைக் கிளப்புவதற்கென்று செய்யப்பட்டது. இந்த வேலைக்கு விரைவில் பழுதாகிவிடும். சோலாருக்குரியது என்று கேட்டே வாங்குவோம்.

தகட்டை நிழல் விழாத இடத்தில் வைக்க வேண்டும். ஒரு தென்னங்கீற்றின் நிழல் விழுந்தாலும் மின்சாரம் வெகுவாகக் குறைந்துவிடும். பிற்பகலில் இடிமழை மேகம் திரளும் ஊர் நம்முடையது. ஆகவே காலை வெயில் தடையின்றிப் படும் இடமே நல்லது. தகட்டைச் சற்றுச் சாய்த்து வைத்தால் மழையே தூசியைக் கழுவிவிடும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் ஏறவே கூடாது. அது உடைந்து ஆளை விழச் செய்யும். அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். முற்றத்தில் கம்பம் நட்டு அதில் பொருத்தலாம். தோட்டத்து வீடானால் நிர்வாகத்திடம் முதலில் அனுமதி கேட்போம்.

இணைப்பதில் வரிசை முக்கியம். முதலில் பேட்டரியைப் பெட்டியோடு இணைக்க வேண்டும், பிறகுதான் தகட்டை. கழற்றும்போது தகடு முதலில், பேட்டரி கடைசியில். சிவப்புக் கம்பி கூட்டல் முனைக்கு, கறுப்புக் கம்பி கழித்தல் முனைக்கு. பேட்டரியின் கூட்டல் முனைக்கு அருகிலேயே 10 ஆம்பியர் பியூஸ் வேண்டும். அது இல்லாவிட்டால், கம்பிகள் உரசும்போது தீப்பிடிக்கும்.

பேட்டரியைத் தரையில் வைக்காமல் சுவரில் உயரமான பலகைமேல், காற்றோட்டமான இடத்தில் வைப்போம். வெள்ளம் வந்தாலும் பிழைக்கும். மின்னேறும்போது அதிலிருந்து எரியும் வாயு வெளிப்படலாம். ஆகவே சாமி விளக்கும் ஊதுபத்தியும் அதன் அருகில் வேண்டாம்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. இந்தக் கம்பியை வீட்டின் 230 வோல்ட் மின்கம்பியோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது, உயிரே போய்விடும். கூரை முழுவதும் தகடு பதித்து தெனாகா நேஷனல் கம்பியோடு இணைக்கும் அமைப்பு வேறு வகை. அதற்கு அனுமதி வேண்டும். தகுதி பெற்றவர்களே அதைச் செய்ய வேண்டும். நம் கைவேலை 12 வோல்ட்டோடு நிற்கட்டும்.

கணக்கைப் பிள்ளைகளையே போடச் சொல்லுங்கள். பள்ளியில் படித்த பெருக்கல் அன்றிரவே வீட்டில் விளக்காக எரிவதை அவர்கள் பார்க்கட்டும்.