மணமுறிவும் மாநில எல்லையும்



கோயம்புத்தூரிலிருந்து வாளையாறு வழியாகப் பாலக்காட்டுக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். போடியிலிருந்து மலையேறினால், போடிமெட்டைத் தாண்டியதும் இடுக்கி மாவட்டம். இவ்விரு வழிகளிலும் பெண் கொடுப்பதும் பெண் எடுப்பதும் மாநிலங்கள் பிரிக்கப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே தொடங்கிவிட்டன. சித்தூர்ப் பெண் பொள்ளாச்சியில் வாழ்க்கைப்படுகிறாள். கம்பத்து மாப்பிள்ளை மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கிறான். இத்தகைய குடும்பங்களில் பிரிவு நேரும்பொழுது மனவருத்தத்தோடு மயக்கம் ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. எந்த ஊர்ச் சட்டம், எந்த ஊர் நீதிமன்றம் என்பதே அம்மயக்கம்.

சட்டத்தைப் பொறுத்தவரை கவலை வேண்டியதில்லை. பாலக்காடு சென்னை மாகாணத்தோடு இருந்த காலத்தில், 1949ஆம் ஆண்டின் சென்னைச் சட்டம் இந்துக்களுக்கு மணவிலக்கு உரிமை அளித்தது. 1955இல் இந்து திருமணச் சட்டம் அவ்வுரிமையைப் பொதுவாக்கியது. 1956 நவம்பர் முதல் நாள்தான் இன்றைய கேரள எல்லை வகுக்கப்பட்டது. அதாவது, எல்லைக்கோடு விழுமுன்பே சட்டம் ஒன்றாகிவிட்டது. கிறிஸ்தவர்களுக்கு 1869ஆம் ஆண்டின் மணவிலக்குச் சட்டம் உண்டு. அதுவும் எல்லையின் இருபுறமும் ஒன்றே.

வழக்கை எங்கே தொடுப்பது? இந்து திருமணச் சட்டப்படி, திருமணம் நடந்த இடம், எதிர்மனுதாரர் வசிக்கும் இடம், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் ஆகிய மூன்றில் எதிலும் தொடுக்கலாம். 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின், மனு செய்பவள் மனைவியானால் அவள் தற்போது வசிக்கும் இடத்திலும் தொடுக்கலாம். இதை அறியாமல், கணவன் ஊருக்கே போகவேண்டும் என்று எண்ணிப் பேருந்துச் செலவுக்கு அஞ்சி வாளாவிருக்கும் பெண்கள் பலர். வழக்கு ஒரு மாநிலத்தில் பதிவாகிவிட்டால் அதை மற்றொரு மாநிலத்துக்கு மாற்றும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு இல்லை. கோயம்புத்தூர் வழக்கைப் பாலக்காட்டுக்குக் கொண்டுவர டில்லியிலுள்ள உச்ச நீதிமன்றத்தை நாடவேண்டும். ஆகவே தொடக்கத்திலேயே இடத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஊர்ப் பெரியவர்கள் கூடி, முத்திரைத்தாளில் விடுதலைப் பத்திரம் எழுதித் தீர்த்துவைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. நெடுங்கால வழக்கத்தை மெய்ப்பிக்கக்கூடிய சில சமூகங்களில் சட்டம் அதை ஏற்கிறது; மெய்ப்பிக்கும் பொறுப்பு அதைச் சொல்பவரைச் சார்ந்தது. மற்றவர்களுக்கு அப்பத்திரம் மணவிலக்கு ஆகாது. அதை நம்பிச் செய்துகொள்ளும் மறுமணம் செல்லாது. பின்னாளில் அந்த இரண்டாவது மனைவியே தன் உரிமைகளுக்காக அல்லலுற நேரும். அத்திருமணத்தில் பிறந்த குழந்தைகளைமட்டும் சட்டம் முறைப்படி பிறந்தவர்களாகவே கருதுகிறது.

அடுத்தது நகை. பெற்றோர் அளித்த சீதனம் மனைவியின் தனிச் சொத்து. அது கணவனுக்கும் மனைவிக்கும் பொதுவானதன்று. கேரளத்தில் எழுந்த ஒரு வழக்கில், மணநாளன்று பாதுகாப்புக்காக என்று வாங்கி வைக்கப்பட்ட 89 பவுன் நகை திரும்ப வரவில்லை என்று மனைவி முறையிட்டார். குடும்ப நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவருக்கு 25 லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. இடர்க்காலத்தில் கணவன் அந்நகையைப் பயன்படுத்தினாலும் திருப்பித் தரும் கடமை அவனுக்கு உண்டென்றும், இத்தகைய வழக்கில் எது நடந்திருக்க வாய்ப்பு மிகுதி என்று பார்ப்பதே முறை என்றும் அத்தீர்ப்பு கூறுகிறது. எனினும் திருமணப் புகைப்படம், நகைக்கடை ரசீது, வங்கிக் கணக்கு ஆகியவற்றைப் பத்திரமாக வைத்திருப்பவர்க்கே வழி எளிது.

ஜீவனாம்சம் எல்லா மதத்தினருக்கும் உரியது. முன்னர்க் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 144ஆம் பிரிவாக உள்ளது. மனைவி தான் வசிக்கும் ஊரிலேயே மனுச் செய்யலாம். கணவனும் மனைவியும் தத்தம் வருமானம், சொத்து, கடன் அனைத்தையும் உறுதிமொழிப் பத்திரத்தில் வெளியிடவேண்டும் என்றும், மனுச் செய்த நாளிலிருந்தே தொகை கணக்கிடப்படவேண்டும் என்றும் 2020இல் உச்ச நீதிமன்றம் வகுத்தது. ஆகவே காலந்தாழ்த்துவது நட்டமே. வழக்கறிஞர்க்குக் கொடுக்கப் பணமில்லையே என்று தயங்கவும் வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி கிடைக்கும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

கணவன்மார்க்கும் ஒரு சொல். இருவரும் கையெழுத்திட்டு வாங்கிய வீட்டுக் கடனை மணவிலக்குத் தீர்ப்பு ரத்துச் செய்யாது; வங்கி இருவரையும் கேட்கும். சேமநிதிக்கும் காப்புறுதிக்கும் எழுதிவைத்த வாரிசு நியமனத்தையும் புதிதாக எழுதவேண்டும்.

இறுதியாக, மொழி. அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு என் தொழில். சில ஆண்டுகளுக்கு முன், எல்லைப்புறத்து அம்மையார் ஒருவர் மலையாளத்தில் எழுதிய கூட்டு மனுவின் நகலைக் கொண்டுவந்து படித்துச் சொல்லும்படி கேட்டார். அதில் ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தார். பிரிந்து வாழ்வதற்கான தாள் என்றே அவருக்குச் சொல்லியிருந்தார்கள். உள்ளே, ஜீவனாம்சமும் நகையும் இனி ஒருபொழுதும் கோரமாட்டேன் என்ற வாசகம் இருந்தது. படித்துக் காட்டியபொழுது அவர் அழவில்லை. “மறுபடி ஒருமுறை படியுங்கள்” என்றார்.

நல்லவேளையாக, கூட்டு மனுவில் ஒரு கையெழுத்தோடு காரியம் முடிவதில்லை. ஆறு மாதங் கழித்து இருவரும் மீண்டும் சம்மதம் தெரிவிக்கவேண்டும். தக்க காரணமிருந்தால் இவ்விடைவெளியைத் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. தீர்ப்பு வழங்கப்படும்வரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அம்மையார் பிரிவுக்குச் சம்மதித்தார், அவ்வாசகத்துக்குச் சம்மதிக்கவில்லை. வாசகம் நீக்கப்பட்டு, நகை கைக்கு வந்த பின்னரே இரண்டாம் முறை சம்மதம் சொன்னார்.

பாலக்காட்டிலும் மூணாற்றிலும் மட்டுமன்று, பம்பாயிலும் பெங்களூரிலும் வாழும் தமிழர்க்கும் இது பொருந்தும். வாழும் ஊரின் மொழி தெரியாமலிருப்பது குற்றமன்று. தெரியாத மொழியில் எழுதிய தாளைத் தாய்மொழியில் ஒருவர் படித்துச் சொல்லக் கேளாமல் கையெழுத்திடுவதே ஆபத்து.