அறுபடாத இழை



2024 மே 10, வெள்ளிக்கிழமை இரவு பத்தரை மணி தாண்டிச் சில நிமிடங்கள். இராஜபாளையம் மில்களில் இரவு ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்தது. சூரியனிலிருந்து கிளம்பிய துகள் வெள்ளம் அப்போதுதான் பூமியின் காந்தப்புலத்தில் வந்து மோதியது. உலகெங்கும் காந்தமானிகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் துள்ளின. லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்தது. 2003-க்குப் பிறகு அவ்வளவு வலுவான காந்தப் புயல் வந்ததில்லை. நமக்கு எதுவும் தெரியவில்லை, தூங்கிக்கொண்டிருந்தோம். ஆனால் 1989 மார்ச்சில் வந்த புயல் கனடாவின் கியூபெக் மாகாணத்தை ஒன்பது மணி நேரம் இருட்டில் வைத்தது.

நம் பகுதியில் காந்தப்புலம் சுமார் 40,000 நானோடெஸ்லா. பெரும்புயலில் குறைவதே சில நூறுதான். காந்தமானி வரையும் சாதாரண நாளின் கோட்டினைத் தினமும் பார்த்துப் பழகாத கண்ணுக்கு அது பிடிபடாது.

அப்படிப் பழகிய கண் என் அம்மாவுக்கு; மில்லில் ரிங் பிரேம் என்னும் நூற்பு இயந்திரம் பார்த்தவர். நூற்றுக்கணக்கான கதிர்கள் சுற்றும் இரைச்சலில் ஓர் இழை அறுந்தால், அவர் கை அங்கே போயிருக்கும். பிற்பாடு நான் முதன்முதலாக ஒரு காந்தமானி அறைக்குள் போனபோது சாவி, கைக்கடிகாரம், பெல்ட் எல்லாவற்றையும் வெளியே வைக்கச் சொன்னார்கள். உள்ளே ஓர் இரும்பு ஆணிகூட இல்லை. அந்த அமைதியில் எனக்கு அம்மாவின் ஞாபகம்தான் வந்தது.

இந்த அளவீடு நம் பக்கத்துக்குப் புதிதல்ல. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் இருக்கிறது அகத்தியமலை. 1850-களில் திருவனந்தபுரம் வானாய்வகத்தின் ஜான் ஆலன் புரூன் அதன் உச்சியிலும் காந்தக் கருவிகளை நிறுவினார். மழையிலும் பனியிலும் ஆட்களை அங்கே தங்க வைத்து அளப்பது லேசான காரியமல்ல. சூரியன் சுழலும் காலத்தை ஒட்டி, ஏறத்தாழ 26 நாளுக்கு ஒருமுறை காந்தப்புலத்தில் கலக்கம் திரும்பி வருவதைக் கண்டவர்களில் அவரும் ஒருவர்.

பம்பாயின் கொலாபா காந்த ஆய்வகத்தில் நடந்ததுதான் என்னை மிகவும் உலுக்கியது. காந்த ஊசியைக் கண்ணால் பார்த்துக் கையால் எழுதிய காலம். வழக்கமாக மணிக்கு ஒரு பதிவு. ஊசி நிலைகொள்ளாவிட்டால் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று. 1859 செப்டம்பர் 2 முற்பகலில் காந்தப்புலம் சுமார் 1,600 நானோடெஸ்லா சரிந்தது. எழுதியவர் கையை எடுக்கவில்லை. 144 ஆண்டு கழித்து, 2003-ல், லாக்கினா உள்ளிட்ட ஆய்வாளர்கள் அந்த எண்களை எடுத்துத்தான் அந்த மாபெரும் புயலின் வலுவைக் கணக்கிட்டார்கள்.

பம்பாய்க்கு மின்சார டிராம் வரப்போவது தெரிந்ததும், அதன் மின்னோட்டம் ஊசியைக் கெடுக்கும் என்று ஆய்வகத்தை அலிபாகுக்கு மாற்றினார்கள். சட்டென்று மாற்றிவிடவில்லை. 1904 முதல் 1906 வரை இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் அளந்து, பழைய கணக்கையும் புதிய கணக்கையும் பொருத்திப் பார்த்த பிறகே கொலாபாவில் நிறுத்தினார்கள். அம்மா இழை சேர்ப்பதும் அப்படித்தான்: பழைய நுனியும் புதிய நுனியும் கொஞ்ச தூரம் ஒன்றின்மேல் ஒன்று ஓட வேண்டும்.

இராஜபாளையத்திலிருந்து சங்கரன்கோவில் வழியாகத் திருநெல்வேலிக்கு பஸ் ஏறினால், இந்தியப் புவிகாந்த ஆய்வு நிறுவனத்தின் ஆய்வகம் அங்கே இருக்கிறது. ஒருநாள் போய்ப் பாருங்கள். சாவியை வெளியே வைத்துவிட்டுப் போங்கள்.