உள்நாக்கு வரை பார்ப்போம்



குழந்தைநல மருத்துவர்கள், பல் மருத்துவர்கள், முகச்சீரமைப்பு அறுவை மருத்துவர்கள், பேச்சுப் பயிற்சியாளர்கள், பிரசவ வார்டுச் செவிலியர்கள், கிராம சுகாதாரச் செவிலியர்கள் என எல்லோரும் இன்று ஒரே அரங்கில் கூடியிருக்கிறீர்கள். பிறந்த குழந்தையின் வாயைப் பற்றிப் பேச இத்தனை பேரும் வேண்டும் என்று ஏற்பாட்டாளர்கள் முடிவெடுத்ததே இந்த மாநாட்டின் முதல் நல்ல காரியம். தலைமையுரையில் துறை முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றிக்காட்டுவது வழக்கம். நான் ஒரே ஒரு குறையைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறேன். பச்சிளம் குழந்தையின் வாயில், தொட வேண்டாததைத் தொடுகிறோம். தேடிப் பார்க்க வேண்டியதைப் பார்க்காமலே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம்.

தொட வேண்டாததில் இருந்து தொடங்குகிறேன். பிறக்கும் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு மேலண்ணத்தின் நடுக்கோட்டில் கடுகளவு வெள்ளை மணிகள் இருக்கும். பிராகு நகரக் குழந்தைநல மருத்துவர் அலோயிஸ் எப்ஸ்டைன் 1880-இல் விவரித்ததால் எப்ஸ்டைன் முத்துகள் என்கிறோம். கருவில் அண்ணத்தின் இரு பாதிகளும் நடுவில் கூடி ஒட்டும்போது இடையில் சிக்கிய மேல்தோல் செல்கள், கெரட்டின் நிரம்பி அப்படியே தங்கிவிடுகின்றன. சில வாரங்களில், மிஞ்சிப்போனால் சில மாதங்களில், தாமாகவே மறைந்துவிடும். ஈறுகளின் மேல் தெரியும் சிறு வெள்ளைக் கட்டிகளுக்கும் இதே கதைதான். மருந்தே வேண்டாம். ஆனால் வீட்டுப் பெரியவர்கள் பார்த்து அக்கரம் என்பார்கள். மாசிக்காயை உரைத்துத் தடவுவார்கள். துணி சுற்றிய விரலால் அழுத்தித் தேய்ப்பார்கள். மருத்துவமனையிலும் பூஞ்சைத் தொற்று என்று நினைத்துச் சொட்டு மருந்து எழுதிவிடுவது உண்டு. அக்கரத்தின் வெண்படலம் துடைத்தால் வரும், அடியில் சிவந்திருக்கும், முத்து அசையாது. இந்த வித்தியாசத்தைத் தாய்க்குப் பிரசவ வார்டிலேயே சொல்லிவிட்டால் ஒரு குழந்தையின் வாய் புண்ணாகாமல் தப்பும்.

அடுத்தது பிறவிப் பல். பிறக்கும்போதே இருந்தால் ஒரு பெயர், முதல் 30 நாளுக்குள் முளைத்தால் இன்னொரு பெயர் என்று 1950-இல் ஆய்வாளர்கள் மாஸ்லரும் சவாராவும் பிரித்தார்கள். அந்தப் பிரிவைத்தான் இன்றும் பின்பற்றுகிறோம். இரண்டாயிரம், மூவாயிரம் பிரசவத்துக்கு ஒன்று என்ற அளவில் காணப்படுவது. பிரான்ஸின் பதினான்காம் லூயி 1638-இல் பல்லோடுதான் பிறந்தார். நம் ஊரில் மாமனுக்கு ஆகாது என்று பயப்படுகிறார்கள், அந்தப் பயத்தில் பிடுங்கிவிடச் சொல்கிறார்கள். பெரும்பாலும் கீழ்த்தாடையின் நடுவில் வரும் இந்தப் பற்களில் பத்தில் ஒன்பது, சற்று முந்திக்கொண்டு வந்த சாதாரணப் பால்பற்களே. பிடுங்கினால் நிலைப்பல் வரும் ஆறேழு வயது வரை அந்த இடம் வெறுமையாகவே இருக்கும். கழன்று மூச்சுக்குழாய்க்குள் போகும் அளவுக்கு ஆடினாலோ, பால் குடிக்கவே முடியாதபடி நாக்கின் அடியில் புண் ஆறாமல் நின்றாலோ எடுக்க வேண்டியதுதான். அப்போதும் பிறந்தவுடன் வைட்டமின் கே ஊசி போட்டார்களா என்று கேட்காமல் கை வைக்கக் கூடாது. வெறும் கூர்முனைதான் தொல்லை என்றால் அதை மழுக்கிவிட்டாலே போதும்.

ஒட்டுநாக்கைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, அதற்கென்று தனி அமர்வு இருக்கிறது. நாக்கின் அடியில் சவ்வு தெரிந்தாலே கத்தரிக்கும் பழக்கம் பல நாடுகளில் பெருகிவிட்டது. ஒட்டுநாக்கோடு பிறக்கும் குழந்தைகளில் பாதிக்கும் குறைவானவர்களே பால் குடிக்கச் சிரமப்படுகிறார்கள் என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவக் கழகம் 2024-இல் எச்சரித்தது. முதலில் குழந்தையை மார்பில் போட்டு, அது பற்றும் விதத்தைச் சரிசெய்து பார்ப்போம். கத்தரிக்கோலை எடுக்கும் நாள் சிலருக்கு வரும், எல்லோருக்கும் வராது.

இனி, பார்க்காமல் விடுவது. என் மனத்தில் பாரமாக இருப்பது இதுதான்.

உதட்டுப் பிளவு எல்லோர் கண்ணிலும் படும். அண்ணத்தில் மட்டும் இருக்கும் பிளவு அப்படி இல்லை. முகம் அழகாக, முழுமையாக இருக்கும். குழந்தை நன்றாக அழும். சுண்டுவிரலை வைத்தால் சப்பவும் செய்யும். பரிசோதித்தவர் நாலு நொடியில் கையெடுத்துவிடுவார். பிளவு பின்னால், மெல்லண்ணத்தில் இருக்கும். பிரிட்டனில் அண்ணப் பிளவுகளில் நான்கில் ஒன்றுக்கு மேல் முதல் நாளில் கண்டுபிடிக்கப்படாமல் போனது தெரியவந்து, அங்குள்ள குழந்தைநல மருத்துவர்களின் ராயல் கல்லூரி 2014-இல் ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. விரலால் தடவினால் போதாது. டார்ச் அடித்து, நாக்கை அழுத்தி, அண்ணம் முழுவதையும் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை. எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் டார்ச் இருக்கிறது.

பார்க்காமல் விட்டால் என்ன ஆகிறது? பால் உறிஞ்ச வாய்க்குள் வெற்றழுத்தம் வேண்டும். உதடு முன்னால் மூடிக்கொள்ள, அண்ணம் மேலே மூடிக்கொள்ள வேண்டும். அண்ணம் திறந்திருந்தால் மூக்கு வழியாகக் காற்று வந்துவிடும், எவ்வளவு சப்பினாலும் பால் வராது. குழந்தை அரை மணி, முக்கால் மணி போராடிக் களைத்துத் தூங்கிவிடும். மூக்கு வழியாகப் பால் வடியும். எடை ஏறாது. அப்போது வீட்டில் என்ன சொல்வார்கள் என்று இங்கே உள்ள செவிலியர்களுக்குத் தெரியும்: அவளுக்குப் பால் பத்தவில்லை. பழி முழுவதும் அந்தப் பெண்ணின் மேல் விழும். பிள்ளை பெற்ற உடம்போடு அவள் அதைச் சுமப்பாள். மூக்கில் வடியும் பாலைச் சளி என்று நினைத்துத் தொண்டைக்குள் விரல் விட்டு எடுப்பதும், மூக்கில் ஊதுவதும் அதன் பிறகு நடக்கும். நாம் முதல் நாளில் அரை நிமிடம் செலவழித்திருந்தால் இவ்வளவும் நேர்ந்திருக்காது.

மேலே சவ்வு மூடியிருந்து, அடியில் தசை மட்டும் கூடாமல் இருக்கும் பிளவு இன்னும் கடினமானது. இரண்டாகப் பிரிந்த உள்நாக்கு, நடுவில் நீலம் பாய்ந்த கோடு, வன்னண்ணத்தின் பின்விளிம்பில் விரலுக்குத் தட்டுப்படும் பள்ளம் என்று மூன்று அடையாளங்களை 1954-இல் மருத்துவர் கால்னன் சொல்லிவைத்தார். இதைத் தவறவிட்டால் மூன்று நான்கு வயதில் பேச்சு மூக்கால் வரும்போதுதான் தெரியும். அதற்குள் நடுச்செவியில் நீர் கோத்துக் காதும் மந்தமாகியிருக்கலாம்.

மருத்துவர் பியேர் ரோபான் 1923-இல் விவரித்த நிலையும் இங்கே சேரும். கீழ்த்தாடை சிறுத்து, நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைக்கும். பெரும்பாலும் அண்ணத்தில் அகன்ற பிளவும் இருக்கும். எல்லாக் குழந்தையையும் மல்லாத்திப் படுக்கவையுங்கள் என்று நாம் சொல்லித்தருகிறோம். இந்தக் குழந்தையை, மருத்துவமனைக் கண்காணிப்பில், குப்புறப் போட்டால்தான் மூச்சு விடும். தாடை சிறிதாக இருக்கிறதே என்று யாராவது ஒருவர் முதலில் கவனித்திருக்க வேண்டும்.

பிளவு தெரிந்துவிட்டால் வழி இருக்கிறது. குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, பிழிந்தெடுத்த தாய்ப்பாலைப் பாலாடையால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டலாம். நம் வீடுகளில் தலைமுறைகளாகப் புழங்கும் அந்தச் சிறு கிண்ணமே இன்று பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலும் பயன்படுகிறது. உதட்டுக்கு மூன்று மாதம் போல, அண்ணத்துக்கு ஒரு வயதையொட்டி அறுவை சிகிச்சை. அதற்கான திறமை நம் பக்கத்தில் குறைவாக இல்லை. திருச்சூர் ஜூபிலி மிஷன் மருத்துவமனையில் 1959-இல் பணியில் சேர்ந்த அறுவை மருத்துவர் ஆடன்வாலா, பல பத்தாண்டுகள் இந்தக் குழந்தைகளுக்காகவே உழைத்தார். குழந்தை நேரத்துக்கு அங்கே போய்ச் சேர வேண்டும்.

கிரகணத்தில் வெளியே வந்ததால் பிளவு வந்தது என்று இன்றும் சொல்கிறார்கள். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்துக்குள் உதடும் அண்ணமும் கூடி முடிந்துவிடுகின்றன. அதன் பிறகு வந்த கிரகணத்துக்காக ஒரு தாயைக் குற்றவாளியாக்கும் பேச்சை நாம் வார்டிலேயே மறுக்க வேண்டும். பரம்பரை, புகை, கட்டுக்குள் வராத சர்க்கரை நோய், வால்ப்ரோயேட் போன்ற வலிப்பு மருந்துகள் ஆகியவற்றைப் பற்றிப் பேசுவோம். அதிலும் பழி தொனிக்காமல் பேசுவோம்.

2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில், பிறந்தவுடன் தேட வேண்டிய குறைகளின் பட்டியலில் உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் உள்ளன. உதட்டை மட்டும் பார்த்துவிட்டு இரண்டுக்கும் சேர்த்து ‘இல்லை’ என்று டிக் அடித்துவிட முடிகிறது என்பதுதான் பிரச்சினை. எனவே இந்த மாநாட்டின் முன் ஒரு கோரிக்கையை வைக்கிறேன். டிஸ்சார்ஜ் தாளில் ஒரு தனி வரி வேண்டும்: அண்ணம் உள்நாக்கு வரை கண்ணால் பார்க்கப்பட்டதா, பார்த்தவர் கையெழுத்து. வீட்டுக்குப் போகும் கிராம சுகாதாரச் செவிலியர் கேட்கும் கேள்விகளில் ஒன்றைச் சேர்க்க வேண்டும்: பால் மூக்கு வழியாக வருகிறதா? இந்த இரண்டின் வாசகத்தையும் நிறைவு அமர்வுக்குள் முடிவு செய்து சுகாதாரத் துறைக்கு அனுப்பிவைப்போம்.

குழந்தையின் வாயை முதலில் பார்ப்பவர்கள் பிரசவ வார்டுச் செவிலியர்கள் என்பதால், முதல் அமர்வை அவர்களுக்கே ஒதுக்கும்படி கேட்டுக்கொண்டேன். அவர்கள் பேசட்டும், மருத்துவர்கள் நாம் குறிப்பெடுத்துக்கொள்வோம். மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.